செல்போன் தவணை: பாதியில் முடிக்க நினைப்பவர்களுக்கு

(மஹல்லாக் குடும்பங்களின் மாதக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் அறக்கட்டளையின் உதவி விண்ணப்பத்தில் "கடன் விவரம்" என்று ஓர் இடம் உண்டு. முன்பெல்லாம் அதில் நகை அடகு, கைமாற்று, மளிகைக் கடை பாக்கி என்று எழுதி வரும். இப்போது பத்து விண்ணப்பத்தைப் புரட்டினால் சிலவற்றிலாவது "போன் இ.எம்.ஐ." என்று இருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வரும் வீட்டில் மாதம் இரண்டாயிரம் ரூபாய் போனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. "இதை முடித்துவிடலாமே?" என்று கேட்டால், "முடிக்கப் போனோம், அதற்கும் பணம் கேட்கிறார்கள்" என்கிறார்கள். இன்னும் சிலர், "கட்டுவதை நிறுத்திவிட்டோம், அதோடு போயிற்று" என்கிறார்கள். போகவில்லை. சில மாதங்களுக்கு முன் சிறுதொழில் தொடங்க வங்கிக்குப் போன நம் மஹல்லா இளைஞர் ஒருவரிடம், மேலாளர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய போனின் கடைசி இரண்டு தவணை அதில் அப்படியே நிற்கிறது. அந்தப் போன் எப்போதோ உடைந்துபோயிற்று.

ஆகவே ஒப்பந்தத்தை விட்டு நடுவில் வெளியே வருவது எப்படி, அதற்குக் கேட்கும் கட்டணத்தை எங்கே தவிர்க்க முடியும், எங்கே முடியாது என்பதைப் பேசலாம் என்று முடிவு செய்தோம்.

சென்ற கூட்டத்தில் ஒரு தாயார் கேட்டார்: "அமெரிக்காவில் இருக்கும் என் மகன், போன் கம்பெனியை மாற்றினால் தண்டம் கட்ட வேண்டும் என்கிறானே, இங்கேயும் அப்படி உண்டா?" நல்ல கேள்வி. அங்கே வெகுகாலம் போனையும் சிம்மையும் ஒரே கயிற்றில் கட்டித்தான் விற்றார்கள். விலை உயர்ந்த போனைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் எங்களிடமே இருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்கள். நடுவில் விலகினால் கட்டணம். 2009இல் வெரிசான் நிறுவனம் ஸ்மார்ட்போன்களுக்கு அந்தக் கட்டணத்தை 350 டாலராக உயர்த்தியது. ஒரு மாதம் கடந்தால் 10 டாலர் குறையும். 2013இல் டி-மொபைல் நிறுவனம் அந்த இரண்டு வருட ஒப்பந்தத்தைக் கைவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்த வழிக்கு வந்தார்கள். இப்போது அங்கே சேவை தனி, போனின் தவணை தனி. சேவையை விட்டு விலகினால் போனின் மிச்சத் தவணையைக் கட்ட வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சிம் ஒன்று, போன் ஒன்று.

சிம் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் அதிகம் இல்லை. நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது பிரீபெய்டு. அதில் ஒப்பந்தக் காலமும் கிடையாது, விலகும் கட்டணமும் கிடையாது. நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்கள்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம்பரை மாற்றக் கேட்கும்போது பில் பாக்கி இருக்கக் கூடாது. அந்தக் கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் "இடையில் விலகினால் இன்னது செய்ய வேண்டும்" என்று ஒரு நிபந்தனை இருந்து, அதை நிறைவேற்றாமல் இருந்தால், மாற்றுவதற்கான குறியீடு உங்களுக்கு வராது. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. அலுவலகம் வாங்கிக் கொடுத்த நம்பர்களிலும், போனோடு சேர்த்துச் சலுகையாகக் கொடுத்த இணைப்புகளிலும் இதைப் பாருங்கள். வேலையை விட்டு வருகிற பிள்ளைகள், அலுவலக நம்பர் தமக்கு வேண்டுமானால், நிறுவனத்தில் இருக்கும்போதே அனுமதிக் கடிதம் வாங்கிவிட வேண்டும். வெளியே வந்த பிறகு யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

இனி போன். இங்கேதான் நம் வீட்டுப் பணம் கரைகிறது.

கடையில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நாம் போகிறோம், போனைப் பார்க்கிறோம். விற்பனைப் பையனுக்குப் பக்கத்தில் இன்னொரு பையன் டேப்லெட் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் கடைக்காரன் அல்ல. நிதி நிறுவனத்தின் ஆள். ஆதார், பான் கேட்கிறான், போட்டோ எடுக்கிறான், வங்கிக் கணக்கு எண் வாங்குகிறான். நம் போனுக்கு ஓ.டி.பி. வருகிறது. வாய்விட்டு ஆறு எண்களைச் சொல்கிறோம். பிறகு இன்னொரு ஓ.டி.பி., இன்னும் ஆறு எண்கள். பத்து நிமிடத்தில் பெட்டி நம் கைக்கு வந்துவிடுகிறது. நாம் போன் வாங்கியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். உண்மையில் அந்த நிமிடத்தில் நாம் ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மாதாமாதம் நம் கணக்கில் கை வைக்க அனுமதியும் கொடுத்திருக்கிறோம். சில சமயம் போன் உடைந்தால் தரும் காப்பீடு, ஆண்டுக் கட்டணம் உள்ள ஒரு கார்டு இவையும் கூடவே ஏறியிருக்கும். அந்த ஓ.டி.பி.தான் கையெழுத்து. கைநாட்டு வைத்த நம் பாட்டன்மார்கூட, வைப்பதற்கு முன் பத்திரத்தை ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளைக் கேளுங்கள். சூரா பகராவின் 282ஆம் வசனம். கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதுவது கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் பாதுகாப்பு. ஆனால் எழுதியதைப் படிக்க வேண்டும்.

படிப்பதற்கு இப்போது ஒரு வசதி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் "முக்கிய விவர அறிக்கை" என்று ஒரு தாள் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கிரெடிட் கார்டு கடன் மட்டும் இதில் சேராது. அந்தத் தாள் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கொடுங்கள் என்று கேட்பது நம் உரிமை. எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் போட்டிருக்கும். முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு, தவணை தவறினால் எவ்வளவு என்பதும் இருக்கும். அந்தத் தாளில் சொல்லாத கட்டணத்தை, நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு கேட்க முடியாது. ஏழு நாளோ அதற்கு மேலோ காலமுள்ள கடனானால், அந்தத் தாளில் உள்ள நிபந்தனைகளை யோசித்து முடிவு செய்யக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்றைக்கே எடுத்தால்தான் சார் இந்த ஆஃபர்" என்று அவசரப்படுத்தினால் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். போன் எங்கும் ஓடிவிடாது.

"வட்டியே இல்லாத தவணைதானே, அதில் என்ன?" என்று கேட்பீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று சொன்னது நாம் அல்ல, ரிசர்வ் வங்கி. 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே, வட்டியைச் செயலாக்கக் கட்டணம் போன்ற பெயர்களில் மறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ரொக்கத்துக்கு வாங்குபவருக்குக் கடைக்காரர் குறைக்கும் தொகையைத் தவணைக்காரருக்குக் குறைப்பதில்லை. அல்லது போன் தயாரித்த கம்பெனி அந்தத் தொகையை நிதி நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. இது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று இந்த மேடையில் நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதை நம் ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் கேட்கப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். "பூஜ்ய வட்டி கூடுமா ஹஜ்ரத்?" என்று வாயால் மட்டும் கேட்டால், தாளில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, வாங்கியாகிவிட்டது. இப்போது முடிக்க வேண்டும். நம் மக்களிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது: கையில் பணம் வந்தால் முதலில் கடனை அடைக்க நினைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வாப்பா பணம் அனுப்பியதும் மகன் நேராக நிதி நிறுவனத்துக்குப் போகிறான். அங்கேதான் "ஃபோர்குளோஷர் சார்ஜ்" என்கிறார்கள். இதில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஒரு பேச்சுக்காக எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் தாளில் வேறு எண்கள் இருக்கும்.

போன் 24,000 ரூபாய், மாதம் 2,000 வீதம் 12 தவணை, தாளில் வட்டி பூஜ்யம். நான்கு தவணை கட்டியாயிற்று, 16,000 பாக்கி. முடிக்கும் கட்டணம் பாக்கியில் 4 சதவீதம் என்றால் 640 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 115 ரூபாய் 20 காசு. ஆக 755 ரூபாய் சொச்சம். இதைக் கொடுத்து நாம் மிச்சப்படுத்தியது என்ன? ஒன்றுமில்லை! வட்டி பூஜ்யம் என்பதால் இன்று கட்டினாலும் எட்டு மாதத்தில் கட்டினாலும் அதே 16,000தான். கட்டணம் கொடுத்துக் கடனை முடிப்பது இங்கே வெறும் நஷ்டம். அந்த 16,000த்தைத் தவணை பிடிக்கும் கணக்கிலேயே போட்டு வைத்துவிட்டு, அதைத் தொடாமல் இருந்தால் போதும். பணம் ஒதுக்கியாயிற்று, தவணை தானாகப் போய்க்கொண்டிருக்கும், ஒரு ரூபாய் கூடுதலாகப் போகாது. "கையில் இருந்தால் செலவாகிவிடும்" என்று பயப்படுகிறவர்கள் அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டை உம்மாவிடம் கொடுத்து வைக்கலாம். கட்டணமே இல்லாத இடமானால் தாராளமாக முடியுங்கள், அதில் மறுபேச்சு இல்லை.

வட்டி உள்ள கடன் என்றால் கணக்கு மாறும். அதே 16,000 பாக்கி, எட்டு மாதம் மிச்சம், ஆண்டுக்கு 24 சதவீதம் என்று வையுங்கள். தவணை சுமார் 2,184 வரும். எட்டு மாதமும் கட்டினால் வட்டி மட்டும் சுமார் 1,470 ரூபாய். 755 கொடுத்து முடித்தால் 700 ரூபாய்க்கு மேல் மிச்சம். இங்கே முடிப்பதுதான் லாபம், வட்டியிலிருந்தும் வெளியே வருகிறோம். அதே கடனில் கடைசி இரண்டு தவணைதான் பாக்கி என்றால்? அப்போது பாக்கி சுமார் 4,240, இனி வரும் வட்டி 130 ரூபாய்கூட இல்லை, முடிக்கும் கட்டணமோ ஜி.எஸ்.டி.யோடு 200 ரூபாய். அதாவது ஆரம்பத்தில் முடித்தால் லாபம், கடைசியில் முடித்தால் நஷ்டம். ஆனால் நம்மில் பலர் கடைசி இரண்டு மாதத்தில்தான் "சனியன் தொலையட்டும்" என்று முடிக்கப் போகிறார்கள்.

இதோடு இரண்டு கேள்வியைக் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். பகுதித் தொகை கட்ட அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் உண்டா என்பது ஒன்று. எத்தனை தவணைக்குப் பிறகு முடிக்கலாம் என்பது இன்னொன்று. முதல் தவணை போன பிறகே முடிக்க முடியும் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். "இனிமேல் கடனை முன்கூட்டி முடித்தால் கட்டணமே கிடையாதாம், ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டதாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. பாதி உண்மை. 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கப்படும் கடன்களுக்கு 2025 ஜூலையில் போட்ட விதி பொருந்தும். ஆனால் அது மாறும் வட்டி விகிதக் கடன்களுக்கு. தனிநபர் தொழில் சாராத தேவைக்கு அப்படிப்பட்ட கடன் வாங்கியிருந்தால் முடிக்கும் கட்டணம் கேட்கக் கூடாது. போன் தவணை வழக்கமாக நிலையான வட்டி விகிதத்தில் வருவது. அதில் தாளில் எழுதிய கட்டணம் செல்லும். வாட்ஸ்அப் செய்தியைக் காட்டிக் கவுண்டரில் சண்டை போட்டு அவமானப்பட வேண்டாம்.

உண்மையிலேயே தண்டம் இல்லாமல் வெளியேறும் ஒரு வாசல் இருக்கிறது, ஆனால் அது சீக்கிரம் மூடிவிடும். செயலி வழியாகவோ இணையம் வழியாகவோ எடுத்த கடனுக்கு "மனம் மாறும் காலம்" ஒன்று கொடுக்க வேண்டும் என்பது டிஜிட்டல் கடன் விதி. குறைந்தது ஒரு நாள். சில நிறுவனங்கள் கூடுதலாகவும் தரலாம். எத்தனை நாள் என்று முன்பு சொன்ன தாளில் இருக்கும். அந்த நாட்களுக்குள் அசலையும் அந்தச் சில நாளுக்கான வட்டிப் பங்கையும் கட்டிவிட்டால், விலகும் அபராதம் கிடையாது. செயலாக்கக் கட்டணத்தை முன்பே தாளில் சொல்லியிருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றைக் கவனியுங்கள்: இது கடனிலிருந்து விலகுவது, போனைத் திருப்பிக் கொடுப்பதல்ல. போன் நம்மிடம்தான் இருக்கும், அதன் முழு விலையையும் நாம் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கல்லூரிப் பையன் தானாகச் செயலியில் எடுத்துவிட்டான், வீட்டுக்கு அன்று இரவே தெரிந்தது, சாச்சாவோ மாமாவோ கைமாற்றாகத் தரத் தயார் என்ற நிலையில் இந்த வாசல் உதவும். திட்டித் தீர்ப்பதிலேயே அந்தக் காலத்தைக் கழித்துவிடாதீர்கள்.

போன் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்களும் கவனிக்க வேண்டும். கடைக்காரர் வாங்கிக்கொண்டதால் கடன் தானாக ரத்தாகிவிடாது. ஆன்லைனில் வாங்கித் திருப்பினாலும் அப்படித்தான். பணம் நிதி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, கடன் ரத்தானதா என்று எழுத்தில் வாங்கும் வரை தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது நாம் அதிகம் பேச வேண்டிய இடத்துக்கு வருகிறோம். விலகுவது வேறு, நிறுத்துவது வேறு. "கணக்கில் பணம் வைக்காமல் விட்டுவிட்டேன், வேறு வங்கிக்கு மாறிவிட்டேன், சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டேன்" என்று சொல்பவர்கள் ஒப்பந்தத்தை விட்டு விலகவில்லை. அதன் மிக விலை உயர்ந்த வாசல் வழியாகப் போயிருக்கிறார்கள். ஒரு தவணை திரும்பினால் நம் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், நிதி நிறுவனம் இன்னொரு கட்டணம் போடும். அடுத்த மாதமும் அப்படியே. இரண்டாயிரம் ரூபாய்த் தவணைக்காக ஆயிரம் ரூபாய்க்கு மேல் அபராதமாகப் போன பாஸ்புக்கை நம் அலுவலகத்தில் பார்த்திருக்கிறோம். அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, கட்டணமாகத்தான் போட வேண்டும், அதன் மேல் மறுபடி வட்டி ஏற்றக் கூடாது என்று 2024 முதல் விதி இருக்கிறது. கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அப்படி ஏற்றியிருந்தால் தட்டிக் கேட்கலாம். பணம் இல்லாத மாதம் வரும் என்று தெரிந்தால், தவணை நாளுக்கு முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சலோ கடிதமோ எழுதுங்கள். எல்லோருக்கும் கருணை காட்டுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. எழுதியவருக்கு அபராதத்தைக் குறைத்துக் கொடுத்தது உண்டு, ஓடி ஒளிந்தவருக்குக் குறைத்ததை நாம் பார்த்ததில்லை.

வசூல் ஆட்கள் விஷயத்திலும் பயந்து நடுங்க வேண்டாம். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அவர்கள் அழைக்கக் கூடாது. உறவினரையும் நண்பரையும் அழைத்து மானத்தை வாங்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு உத்தரவு அது. மக்ரிபுக்குப் பிறகு வாசலில் வந்து நின்று பெண்களிடம் சத்தம் போட்டால், தேதி, நேரம், அழைத்த எண் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

அடுத்து, நம் குடும்பங்களில் மட்டும் குறிப்பாக நடக்கும் ஒன்று. "ராத்தா, உங்கள் பெயரில் ஒரு போன் எடுத்துத் தாருங்கள், மாதாமாதம் நான் கொடுத்துவிடுகிறேன்." கேட்பவன் தம்பி மகன். அவன் பெயரில் ஏற்கெனவே தவணை தவறியதால் கடன் கிடைக்காது. அதனால்தான் ராத்தாவின் ஆதாரைக் கேட்கிறான். எப்படி மறுப்பது? ஓ.டி.பி. சொல்லிவிடுகிறோம். மூன்று மாதம் கொடுப்பான். நான்காம் மாதம் வேலை போய்விடும். போன் அவன் கையில், கடன் ராத்தாவின் பெயரில். ராத்தாவின் கணக்கில் இருப்பதோ முதியோர் உதவித்தொகை. வந்த அன்றே தவணைக்குப் போய்விடுகிறது. விதவையான ஒரு தாயார் இப்படி வந்து நம் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். தாம் கடன் வாங்கியதே அவருக்குத் தெரியாது. "பேரனுக்கு நம்பர் சொன்னேன், அவ்வளவுதான்" என்றார். ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர்தான் முடிக்க முடியும், முடிக்கும் பணமும் அவரிடமிருந்துதான் கேட்பார்கள். உறவுக்காக உதவ நினைத்தால், முடிந்த தொகையைக் கையில் கொடுங்கள். பழைய போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பெயரைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், வாங்கியவரிடம் இன்னும் எத்தனை தவணை, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

முடிக்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். எந்தத் தேதிக்கு எவ்வளவு கட்டினால் கடன் முழுவதும் முடியும் என்ற அறிக்கையைச் செயலியிலோ கிளையிலோ எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதிக்குள், அந்தத் தொகையை, அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் கட்ட வேண்டும்; வீட்டுக்கு வந்த வசூல் பையனின் ஜிபே எண்ணுக்கு அல்ல. பத்து ரூபாய் குறைந்தாலும் கடன் முடியாது. பிறகு "பாக்கி இல்லை" என்ற சான்றிதழை வாங்குங்கள். அதற்குப் பின்தான் வங்கியில் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியை ரத்துச் செய்ய வேண்டும். சான்றிதழுக்கு முன்பே ரத்துச் செய்தால் தவணை தவறியதாகிவிடும். ரத்துச் செய்ய மறந்தாலோ முடிந்த கடனுக்கும் பணம் பிடித்த கதை உண்டு. இரண்டு மாதம் கழித்துச் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்தில் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இப்படி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். முடிந்த கடன் முடியாததாக இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால், அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு என்ற விதி 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது.

வளைகுடாவிலிருந்து முழுவதுமாக ஊர் திரும்புகிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். அங்கே போஸ்ட்பெய்டு இணைப்போ தவணைப் போனோ வைத்திருந்தால், விமானம் ஏறும் வாரத்துக்கு விட்டுவிடாமல் முன்கூட்டியே கடைக்குப் போய் முடித்து, எழுத்தில் வாங்கி வாருங்கள். சிம்மை உடைத்துப் போட்டால் பில் நிற்காது. மறுபடி விசா எடுத்துப் போகும்போது அந்தப் பழைய பில் அங்கே காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, சொல்லச் சற்றுக் கடினமானது. ஜனாஸா தொழுகைக்கு முன் குடும்பத்தார் எழுந்து, "மர்ஹூம் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் வாரிசுகளிடம் தெரிவியுங்கள்" என்று அறிவிக்கிறோம். மளிகைக் கடைக்காரர் வருவார், கூட வேலை செய்தவர் வருவார். செயலி வராது. போன் தவணை பற்றி அந்த வீட்டில் யாருக்குமே தெரிந்திருக்காது; போனும் பூட்டியிருக்கும். ஆகவே உங்கள் பெயரில் என்னென்ன தவணை ஓடுகிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்படி ஒரு மரணம் நேர்ந்த வீட்டார், இறப்புச் சான்றிதழை நிறுவனத்துக்கு அனுப்பி, கடனோடு காப்பீடு ஏறியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நாம் அறியாமல் ஏற்றிய காப்பீடு சில சமயம் அங்கே உதவும்.

தாளில் இல்லாத கட்டணம் கேட்கிறார்கள், சான்றிதழ் தர மறுக்கிறார்கள் என்றால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் நியாயமாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண். கடைக்காரர் மீதான புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சிம் கம்பெனி என்றால் அவர்களின் புகார் மையத்தில் புகார் எண் வாங்கி, தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும்.

எழுதத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸ்ருக்குப் பிறகு மக்ரிப் வரை அறக்கட்டளை அலுவலகத்தில் நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் உட்கார்ந்திருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். கடன் தாள், பாஸ்புக், போனில் வந்த மெசேஜ்கள் இவற்றை எடுத்து வாருங்கள். தாள் இல்லையென்றால் கடன் எண்ணையாவது குறித்து வாருங்கள், தாளை வரவழைத்துக்கொள்ளலாம். பெண்கள் தனியே வந்தால் உள் அறையில் நம் சகோதரி ஒருவர் இருப்பார். வட்டியில் சிக்கி, முடித்தால் மிச்சம் என்று கணக்கில் தெரியும் கடன்களுக்கு, தகுதி பார்த்து அழகிய கடனாக முடிக்கும் தொகையைத் தருவது பற்றியும் நிர்வாகக் குழுவில் பேசியிருக்கிறோம். அதைக் கேட்டு வருகிறவர்கள், அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்பதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும்.